விவாகரத்துத் தீர்ப்பாணையின் பிரதி

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்து மழைக்காலத்தில் ஒரு மாலை, நம்மிடம் உயர்தர வகுப்பிற் படித்த மாணவரொருவர் நம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் உறை. அதனுள்ளே நான்காய் மடித்து, மடிப்பிலே கிழியத் தொடங்கிய ஒரு கடுதாசி. "சேர், இது என்ன எண்டு பாத்துச் சொல்லவேணும்" என்றார். கடுதாசி சிங்களத்தில் இருந்தது. நமக்குச் சிங்களம் பேச்சளவிலேதான் வரும். நம் கல்லூரியிற் சிங்களம் கற்பிக்கும் நண்பருக்கு அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, வந்தவருக்குத் தேநீர் கொடுத்துக் கதையைக் கேட்டோம்.

அவருடைய தாயாருக்குச் சீதனமாக வந்த காணித்துண்டொன்று வலிகாமத்தில் இருக்கிறது. அதை மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதிக்கொடுக்க அம்மையார் விரும்பினார். நொத்தாரிசு கேட்ட முதற் கேள்வி, "கணவனாரின் சம்மதம் எங்கே?" என்பது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் சொந்தச் சொத்தேயானாலும், அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இட்ட இந்த விதி இன்றும் நின்று நிலவுகிறது. அது நீதியா என்பது வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்குரிய விடயம். தாம் விவாகரத்துப் பெற்றவர் என்று அம்மையார் சொன்னார். நொத்தாரிசு, "அப்படியாயின் பத்திரத்தைக் காட்டுங்கள்" என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேலைப்பெட்டியின் அடியிற் கிடந்த கடுதாசி அவ்வாறு வெளியே வந்தது.

நண்பரின் மறுமொழி இரவு வந்தது. அது மலைநாட்டு நகரொன்றின் மாவட்ட நீதிமன்றத்துத் தீர்ப்பாணை. வழக்கிலக்கமும் திகதியும் தெளிவாக உண்டு. ஆனால் அது முடிவான தீர்ப்பாணை அன்று. 1998ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட இடைக்காலத் தீர்ப்பாணை. நீதிமன்ற வட்டாரத்தில் இதனை 'நைசை' என்றும் முடிவானதை 'அப்சலூற்' என்றும் வழங்குவார்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதொரு பத்திரத்தை, அதுவே எல்லாம் முடிந்ததற்குச் சான்று என்று நம்பி அந்த அம்மையார் இத்தனை காலமும் வைத்திருந்திருக்கிறார்.

இந்த வேறுபாட்டைப் படித்தவர்களும் அறியாதிருக்கக் காண்கிறோம். ஆதலின் சற்று விரித்துரைப்போம். இலங்கையில் பொதுச்சட்டத்தின் கீழ் நடந்த திருமணம், 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தினால் ஆளப்படுவது. திருமணத்தின் பின்னரான சோரம், வன்மமான கைவிடுகை, திருமணக் காலத்திலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை என்னும் காரணங்களுள் ஒன்றை நிறுவினாலன்றி நீதிமன்றம் அதைக் குலைக்காது. நிறுவப்பட்டால் முதலில் நைசை வழங்கப்படும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மூன்று மாதங்களுக்குக் குறையாத காலம் கழிந்த பின்னரே அது முடிவாக்கப்படும். அந்த இடைக்காலத்தில், இரு தரப்பாரும் கூடிப்பேசி நீதிமன்றத்தை ஏமாற்றினர் என்றோ, முக்கியமான உண்மைகள் மறைக்கப்பட்டன என்றோ எவரும் வந்து காரணங்காட்டலாம். முடிவாகும்வரை கணவன் கணவனே, மனைவி மனைவியே. நைசையை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணஞ் செய்பவர் இருதாரக் குற்றத்தின் வாயிலில் நிற்கிறார்.

ஆகவே நம் மாணவரின் முன் இரண்டு வினாக்கள் நின்றன. அந்த நைசை பின்னர் முடிவாக்கப்பட்டதா? ஆயின், அதன் பிரதியை எங்கே, எவ்வாறு பெறுவது? முதல் வினாவுக்கு விடை "இல்லை" என்று வந்திருப்பின், தாயார் சட்டத்தின் கண்ணில் இன்னும் ஒருவரின் மனைவியே. கணவன் மனைவியைக் கைவிட்டிருந்தாலோ, அவன் இருக்குமிடம் தெரியாதிருந்தாலோ சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வழியுண்டு. ஆனால் அது வேறொரு வழக்கு, வேறொரு செலவு, வேறொரு காத்திருப்பு.

திருமணம் யாழ்ப்பாணத்தில் நடந்ததனால் வழக்கும் யாழ்ப்பாணத்தில்தான் இருக்குமென்று அவர்கள் முதலில் எண்ணியிருந்தார்கள். இது பொதுவான தவறு. விவாகரத்து வழக்கு, வழக்காளியோ எதிராளியோ வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கப்படுவது. திருமணம் எங்கே நடந்தது, காணி எங்கே கிடக்கிறது என்பன இதிற் பொருட்டல்ல. நம் சமூகம் உத்தியோகத்துக்காகவும் பின்னர் போரினாலும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த சமூகமாதலால், பருத்தித்துறைத் தம்பதியரின் வழக்கேடு புதுக்கடையிலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருத்தல் கூடும். தேடப்புகுவோர், வழக்கு நடந்த ஆண்டில் அவ்விருவரும் எங்கெங்கே குடியிருந்தனர் என்று வீட்டிலுள்ள முதியோரிடம் முதலிற் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அதற்குப் பின்னரே பேருந்துக்குச் சீட்டு எடுக்கவேண்டும்.

எல்லாருடைய விவாகரத்தும் மாவட்ட நீதிமன்றத்தில் நடப்பதில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். முஸ்லிம்களுடைய விவாகரத்து 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்தின்பாற்பட்டது. கண்டிய விவாகச் சட்டத்தின் கீழ் மணந்தோர், 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடமே விவாகரத்துப் பெறுவர். அங்கே நீதிமன்றத்துக்கு வேலையில்லை. எந்தச் சட்டத்தின் கீழ்த் திருமணம் பதிவானது என்பதை விவாக அத்தாட்சிப் பத்திரமே காட்டும்.

இனி வழக்கிலக்கம். அதுவே பதிவறையின் திறவுகோல். வழக்கேடுகள் இலக்கத்தின் ஒழுங்கிலே கட்டிவைக்கப்படுவன; பெயரின் ஒழுங்கில் அல்ல. பல நீதிமன்றங்களில் விவாகரத்து வழக்கின் இலக்கத்தோடு 'டி' என்னும் ஆங்கில எழுத்துச் சேர்ந்திருக்கும். நம் மாணவருக்கு நைசை கையில் இருந்தமையால் இலக்கம் கிடைத்துவிட்டது. கடுதாசி ஒன்றுமே இல்லாதவர் என்செய்வர்? வீட்டிலுள்ள பழைய அழைப்பாணை, சட்டத்தரணிக்குப் பணங்கட்டிய பற்றுச்சீட்டு, அவர் எழுதிய கடிதம் ஆகியவற்றிலே இலக்கம் இருக்கலாம். விவாகரத்துக்குப் பின்னர் எழுதப்பட்ட காணி உறுதி ஏதேனும் இருப்பின், அதன் முகப்பிலே வழக்கிலக்கத்தை நொத்தாரிசு குறித்திருப்பதுண்டு. இதைப் பலர் பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கான தாபரிப்பு வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடந்திருப்பின் அந்த ஏட்டிலும் குறிப்பு இருக்கக்கூடும். வழக்கை நடத்திய சட்டத்தரணி மறைந்துவிட்டாலும், அவருடைய கந்தோரை ஏற்று நடத்தும் கனிட்டரிடம் பழைய கோவைகள் இருப்பது வழக்கம். 1974ஆம் ஆண்டுக்கு முந்திய வழக்காயின் பிறக்கிராசியாரின் பெயரைத் தேடவேண்டும். பிறக்கிராசி, அப்புக்காத்து என்ற பிரிவு அந்த ஆண்டோடு ஒழிந்தது. ஆனால் பழைய கடுதாசிகளில் அப்பெயர்களே நிற்கின்றன.

இவை யாவும் பொய்த்தால் ஆண்டையும் பெயர்களையும் கொண்டு பதிவேட்டைப் புரட்டும்படி வேண்டுவதே மிச்சம். இங்கே நம் பெயர்முறை ஒரு பெரும் இடைஞ்சல். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைக்கும் நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. மனைவி, சிலவிடத்து மணத்துக்கு முந்திய பெயராலும் சிலவிடத்துக் கணவன் பெயரைச் சேர்த்தும் குறிக்கப்படுகிறாள். 'சிவ' என்று தொடங்கும் பெயரை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இலிகிதர் எழுதும் வகைகளோ பல. ஆதலின் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகவேண்டும். கைத்தொலைபேசியிற் பெயரைத் தட்டியவுடன் தீர்ப்பாணையை எடுத்துத்தரும் பொதுப்பட்டியல் நம் நாட்டில் இல்லை. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தம் தீர்ப்புகளை இணையத்தில் வெளியிடுகின்றன. ஆனால் மேன்முறையீடு செய்யப்படாத சாதாரண விவாகரத்து அங்கே காணப்படமாட்டாது.

பிரதி பெறும் முறை அத்துணைக் கடினமன்று. வழக்கிலக்கம், தரப்பாரின் பெயர்கள், வேண்டப்படும் பத்திரம் எது, எத்தனை பிரதி, எதற்காக என்பவற்றைக் குறித்து அந்த நீதிமன்றத்தின் பதிவாளருக்கு விண்ணப்பிக்கவேண்டும். சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரமாகவே கொடுத்தால் அலைச்சல் குறையும். கட்டணங்கட்டிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருத்தல் நன்று. கிடைக்கும் பிரதியில் பதிவாளரின் ஒப்பமும் நீதிமன்ற முத்திரையும் உண்மைப் பிரதி என்ற சான்றும் உண்டா என்று வாசலைத் தாண்டுமுன்னரே பார்த்துவிடவேண்டும். ஒளிப்பிரதி எத்தனை இருந்தாலும் நொத்தாரிசும் தூதரகமும் கேட்பது சான்றுபெற்ற பிரதியையே. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், பகிரங்கப் பத்திரத்தின் உள்ளடக்கத்தை எண்பிக்கும் தகுதியை அத்தகைய பிரதிக்கே அளிக்கிறது.

வழக்கின் தரப்பாருக்கு இவ்வுரிமை இயல்பாயுள்ளது. பிறர் கேட்டால் நீதிமன்றம் ஏனென்று வினவும், அது நியாயமே. வழக்குகள் பகிரங்கமாக விளங்கப்படவேண்டும் என்னும் அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைதானே, குடும்ப உறவு பற்றிய வழக்குகளில் வெளியாரை விலக்கிவைக்க நீதிபதிக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆகவே மகனேயாயினும், நம் மாணவர் தாயாரின் ஒப்பமிட்ட அதிகாரக் கடிதத்தையும் அவருடைய அடையாள அட்டையின் பிரதியையும் கொண்டே சென்றார். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் அனுப்பி இங்குள்ள உறவினர் ஒருவரைக்கொண்டு செய்விக்கலாம். அங்கே காட்டவேண்டிய பிரதியாயின், வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அதனை உறுதிப்படுத்துவிக்கவேண்டும். அதற்கு யாழ்ப்பாணத்திலும் கிளையுண்டு.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். ஏனைய இடங்களிற் சிங்களம். பழைய ஏடுகள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, தரப்பாரொருவர் தாம் பெறுதற்குரிய ஏட்டுப் பகுதியைத் தம் மொழியிலே, அல்லது அதன் மொழிபெயர்ப்பாகப் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. இந்த உரிமையைக் கேட்டுப் பெறுவோர் மிகக் குறைவு என்பது நம் எண்ணம். அன்று அந்த அம்மையாருக்கு யாராவது இதை எடுத்துரைத்திருந்தால், சேலைப்பெட்டியிற் கிடந்தது என்னவென்று அவர் அன்றே அறிந்திருப்பார். அவசரப்படுவோர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைத் தேடிப்போவர். நாமும் இறுதியில் அதையே செய்தோம்.

போரில் அழிந்த ஏடுகளைப் பற்றியும் வாசகர் கேட்பர். வடக்கில் நீதிமன்றங்கள் இடம்பெயர்ந்த காலத்தில் அழிந்துபோனவை உண்டு. அவ்வாறாயின் சட்டத்தரணியிடமோ எதிர்த்தரப்பாரிடமோ உள்ள பிரதிகளைத் திரட்டி, நீதிமன்றத்தின் அனுமதியோடு ஏட்டை மீளக் கட்டியெழுப்ப முயலவேண்டும். எதிர்த்தரப்பாரிடம் கேட்பதா என்று முகஞ்சுளிக்கவேண்டாம். மறுமணஞ் செய்தவராயின் அவரும் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்தியிருப்பார்.

நம் மாணவர் புறப்பட்ட அன்று காலையில் தாயார் சொன்னதை அவரே பின்னர் நமக்குச் சொன்னார். "தம்பி, அந்தக் கடைசிக் கடுதாசியை மட்டும் எடுத்துக்கொண்டு வா. மற்றதொண்டையும் வாசியாதை, என்ன." விவாகரத்து வழக்கேடு என்பது தீர்ப்பாணை மட்டுமன்று. வழக்காளியின் முறைப்பாடு, எதிராளியின் மறுமொழி, சாட்சிக்கூண்டில் நின்று சொன்னவை யாவும் அதிலே உள்ளன. ஒரு பெண் தன் வாழ்நாளிலே வேறெவர்க்கும் சொல்லாதவற்றை அங்கே சொல்லியிருக்கக்கூடும். சட்டம் கேட்ட காரணத்தை நிறுவ வேறு வழி அவளுக்கு இல்லை. காணிக்கும் கடவுச்சீட்டுக்கும் மறுமணத்துக்கும் வேண்டியது முடிவான தீர்ப்பாணை ஒன்றே. முழு ஏட்டின் பிரதியைக் கேட்பது பணவிரயம் மட்டுமன்று. சம்பந்தம் பேசும் வீட்டாருக்கும் இதையே சொல்வோம்: முன்னர் மணமுறிவு கண்டவரிடம் அப்சலூற்றின் சான்றுபெற்ற பிரதியைக் கேட்பதிற் பிழையில்லை, கேட்கவே வேண்டும், அதற்கப்பால் ஆள்வைத்து ஏட்டைத் துருவுவது நாகரிகமன்று.

நீதிமன்றத்தில் இலிகிதர் ஏட்டை எடுத்துவர இரண்டாம் நாளாயிற்று. அதன் நாளேட்டுக் குறிப்புகள்தாம் வழக்கின் சாதகக் குறிப்பு. எந்தத் திகதியில் என்ன நடந்தது என்பது அங்கே வரிசையாக இருக்கும். நைசைக்குப் பின்னர் நான்கு மாதம் கழித்து ஒரு வரி: தீர்ப்பாணை முடிவாக்கப்பட்டது. வழக்கு முடிந்தது என்று சட்டத்தரணி அன்று சொன்னது சரிதான். இறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொடுக்க மட்டும் எவரும் நினைக்கவில்லை. இரண்டு பிரதிகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அவர் திரும்பினார். மூன்றாம் கிழமை மீண்டும் போய் எடுத்துவந்தார்.

தங்கையின் பெயருக்கு உறுதி தை மாதத்தில் எழுதி முடிந்தது. ஒரு பிரதி நொத்தாரிசிடம் காட்டப்பட்டது. மற்றது, தமிழ் மொழிபெயர்ப்போடு, சேலைப்பெட்டியில் இருக்கிறது. ஏடு மேசைமேல் விரிந்திருந்தபோது மற்றப் பக்கங்களைப் பார்த்தீரா என்று நாம் அவரிடம் கேட்கவில்லை. அவரே சொன்னார்: இலிகிதர் ஏட்டைத் தம் பக்கமாகத் திருப்பித் தந்தபோது, அந்த ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு திகதியை எழுதினாராம், பிறகு கயிற்றைத் தாமே கட்டிக்கொடுத்தாராம்.