அண்ணாச்சி கடைப் பாக்கி

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர்களைப் பார்த்து, "அவருக்கென்ன, உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கிறார்" என்று சொல்லும் வழக்கம் மாதச் சம்பளக்காரர்களாகிய நம்மிடையே உண்டு. ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தைப் போட்டு ஒரு கடை திறந்துவிடலாம் என்று எண்ணியிருப்பவர்களும் பலர். கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தும் ஒருமுறை கணக்குப் பார்ப்பது நல்லது.

நாளொன்றுக்கு 5,000 ரூபாய் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து நின்றால் 500 ரூபாய். (கம்பெனிச் சரக்கு பலவற்றில் பத்துகூட நிற்பதில்லை.) ஒரு நாளும் அடைக்காமல் இருந்தால் மாதம் 15,000. அதில் வாடகை, மின்சாரம், எலி கடித்த மூட்டை, தேதி கடந்த பாக்கெட் எல்லாம் போக வேண்டும். காலை ஆறு மணி முதல் இரவு பதினொன்று வரை நிற்கும் கணவன் மனைவிக்குக் கூலி என்று எழுதினால் எதுவும் மிஞ்சாது. ஆகவே அதை யாரும் எழுதுவதில்லை.

இந்த நிலையில்தான் "எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்கிறோம். 500 ரூபாய்ச் சாமானுக்கு ஒருவர் பணம் தராமல் போனால் கடைக்காரருக்குப் போவது 450 ரூபாய் முதல். அதை மீட்க அவர் 4,500 ரூபாய்க்குப் புதிதாக விற்க வேண்டும். ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் வீண். "ஆஜ் நகத், கல் உதார்" என்று இந்தியிலும், "கடன் அன்பை முறிக்கும்" என்று தமிழிலும் பலகை தொங்கத்தான் செய்கிறது. ஊர்க்காரரிடம், நாளை கல்யாணத்துக்கு மொய் எழுத வருகிறவரிடம் எப்படி மறுப்பது?

சம்பளத் தேதியில் ரொக்கத்தோடு பெரிய அங்காடிக்குப் போவதும், செல்போனில் பத்து நிமிடத்தில் சரக்கு வரவழைப்பதும், இருபதாம் தேதிக்கு மேல் அண்ணாச்சியைத் தேடுவதும் நியாயமல்ல. "எழுதிக்கோங்க" என்று அந்தக் கம்பெனிகளிடம் சொல்லிப் பார்க்கட்டும்! சம்பளம் வந்ததும் முதலில் கடைப் பாக்கியைத் தீர்த்துவிட்டு, பிறகு எங்கு வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஆண்டுதோறும் தராசுக்கு முத்திரை, 2022 சட்டத்திருத்தப்படி மராத்திப் பெயர்ப்பலகை ஆகியவை முறையானவையே, ஆனாலும் செலவு. 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, பற்பசைக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபோது, அன்றே புதிய விலை கேட்டோம். ஜி.எஸ்.டி. பதிவில்லாத சிறு கடைக்காரர் பழைய சரக்குக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை. கம்பெனி ஈடு கொடுத்தால்தான் உண்டு.

கடை வைக்க நினைப்பவர்கள் சேமநிதி முழுவதையும் அதில் போட வேண்டாம் என்பது நமது கருத்து. சிறு வணிகர்களுக்கு 60 வயதுக்குமேல் மாதம் 3,000 ரூபாய் தரும் ஓய்வூதியத் திட்டத்தை மத்திய அரசு 2019-ல் கொண்டுவந்தது. அதில் சேர வயது வரம்பு 18 முதல் 40 வரை. ஓய்வு பெற்றபின் கடை திறப்பவருக்கு அதிலும் இடமில்லை.