ஐந்து நட்சத்திரக் கந்துவட்டி

கடன் செயலிகள் நிறுவியதுமே தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்டன. தவணை தவறினால், வாங்கியவரின் மார்பிங் படம் மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் வாட்ஸ்அப்பில் போனது. இந்த அனுமதியை கூகுள் தடுத்ததே 2023-இல்தான். 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை பிளே ஸ்டோரிலிருந்து 2,200-க்கும் மேற்பட்ட கடன் செயலிகள் நீக்கப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. நீக்கியது சரி, உள்ளே விட்டது யார்?

‘பத்தே நிமிடத்தில் பணம், சூப்பர்’ என ஒரே அச்சில் வார்த்த ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் இவற்றுக்கு ஆள்பிடிக்கின்றன. இணைய விமர்சனங்களுக்காக 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த ஐஎஸ் 19000 தரநிலையோ, விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் கிடக்கிறது. அதைக் கட்டாயமாக்க வேண்டும். நீக்கப்பட்ட செயலி வேறு பெயரில் திரும்பி வந்தால், அபராதத்தை ஸ்டோரை நடத்தும் நிறுவனமே கட்டட்டும்.