குடும்ப நலம்: நடையும் பாட்டும்

பொழுது புலருமுன்னரே பீளமேட்டுத் தெருக்களில் நடைப்பயிற்சி செய்வோரை நாள்தோறும் காண்கிறோம். ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளரும், கல்லூரி மாணவரும், இல்லத்தரசியரும் அவர்களுள் உளர். பலருடைய செவிகளில் இயர்போன்! கேட்டால், “பாட்டோடு நடந்தால் களைப்பே தெரிவதில்லை” என்கின்றனர். இக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு, எவ்வளவு ஆபத்து உண்டு என்பதைச் சற்றே சிந்திப்போம்.

உழைப்பைப் பாட்டு இலகுவாக்கும் என்பதைக் கொங்கு நாட்டார் நெடுங்காலமாக அறிவர். மின்சார மோட்டார் வருமுன், கிணற்றில் கவலை இறைத்த உழவர் பாடிக்கொண்டே எருதுகளை ஓட்டினர். வள்ளி கும்மியில் நெடுநேரம் சுழன்றாடுவோரின் கால்களைத் தாங்குவதும் பாட்டின் தாளமே.

அறிவியலும் இதனை ஏற்கிறது. நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தில், பாண்டு வாத்தியம் முழங்கியபோது வீரர்கள் விரைந்து ஓட்டினர் என்பதை லெனார்ட் அயர்ஸ் என்பார் 1911-இல் எடுத்துக்காட்டினார். எத்தியோப்பிய வீரர் ஹைலே கெப்ரெசெலாசி 1998-இல் பர்மிங்ஹாம் உள்ளரங்கில் 2,000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது, அவர் விரும்பிய விறுவிறுப்பான பாடல் அரங்கில் ஒலித்தது. 2020-இல் 139 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தோரும், இசை பயிற்சியை இனிதாக்கி, களைப்புணர்வைக் குறைக்கிறது என்றே கண்டனர். இசையில் மனம் ஈடுபடுவதால் உடலின் முறையீடு சற்றே மங்கிக் கேட்கிறது. தாளத்தோடு கால்கள் இசைவதால் நடையும் சீராகிறது.

ஆனால், நன்மை பிறக்கும் இடத்திலேதான் ஆபத்தும் பிறக்கிறது. களைப்பு என்பது உடல் நமக்கு விடுக்கும் எச்சரிக்கை அன்றோ? இதய நோயாளரும் முதியோரும் பாட்டின் வேகத்துக்குத் தம் நடையை ஒப்புக்கொடுத்துவிடலாகாது. இதற்கோர் எளிய சோதனை உண்டு: மிதமான பயிற்சியின்போது பேச இயலவேண்டும், பாட இயலாது. பேசவும் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கவேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினால் உடனே நின்று, மருத்துவ உதவியை நாடவேண்டும்.

அடுத்தது செவியின் நலம். ஆலை இரைச்சலில் ஆண்டுக்கணக்காக உழைத்துக் காது மந்தமான பெரியவர்களை நம் பகுதியினர் நன்கறிவர். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அன்று பிழைப்புக்காகத் தந்தையர் இழந்ததை, இன்று பிள்ளைகள் இன்பத்துக்காக இழக்கலாமா? 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் எனில் 4 மணி நேரமே என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவியின் முழு ஒலியில் அறுபது விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நலம்.

இறுதியாகச் சாலை. கவலை இறைத்தவர் தாமே பாடினார். ஆயினும் அவர் செவி திறந்திருந்தது. எருதின் மூச்சும், வடத்தின் ஓசையும் அவருக்குக் கேட்டன. நம் பிள்ளைகளோ இரு செவிகளையும் அடைத்துக்கொண்டு அவிநாசி சாலையைக் கடக்கின்றனர். இருப்புப்பாதையையும் அவ்வாறே கடப்போர் உண்டு. பேருந்தின் ஒலிப்பானும் ரயிலின் ஊதலும் கேளாச் செவிக்கு எந்த இசைதான் ஈடாகும்? பூங்காவிலும் மைதானத்திலும் பாட்டுக் கேட்கலாம். சாலைக்கு வந்தால் இயர்போனைக் கழற்றிப் பையில் இடுவதே அறிவுடைமை.

பெற்றோரே, இதனைப் பிள்ளைகளுக்குக் கண்டித்துச் சொல்வதினும் உடன் நடந்து காட்டுவது மேல். வாரத்தில் ஒரு மாலையேனும் குடும்பமாக நடப்போம். அன்று இயர்போன் வேண்டாம். பேச்சே நமக்குத் துணையாகட்டும். களைப்பு அப்போதும் தெரியாது.