எங்களுக்கு எவ்வளவு சூம் வேணும்?

எட்டு மாசமாகக் காசு சேர்த்து ஒரு கமரா வாங்கப் போகிறோம். ஏழு பேருக்கும் சேர்த்து ஒன்று. எங்கள் பட்டியல் சின்னது. பயணத்தில் பைக்குள் அடங்க வேணும். கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் இருக்க வேணும். சூம் இருக்க வேணும். முதல் இரண்டிலும் எங்களுக்குள் சண்டை இல்லை. மூன்றாவதில்தான் பிரச்சினை. சூம் எவ்வளவு?

எவ்வளவு கூடவோ அவ்வளவு நல்லது என்றுதான் எங்களில் பாதிப் பேர் நினைத்திருந்தோம். போன மாசம் இரண்டு கமராக்களை இரவல் வாங்கிக்கொண்டு அலுவிகாரைக்குப் போய் வந்தோம். அதற்குப் பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், "கையில போன் இருக்கே, என்னத்துக்குக் கமரா?" என்று கேட்பவர்களுக்கு. மத்தியான வெயிலில் அலுவிகாரைப் பாறைமேல் நின்று போன் திரையைப் பாருங்கள். உங்கள் முகம்தான் தெரியும். வியூஃபைண்டரில் கண்ணை ஒட்டினால் வெயில் மறைந்துவிடும், சட்டத்துக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெளிவாகத் தெரியும். இன்னொரு நன்மையும் உண்டு. கையை நீட்டிப் பிடிக்கும் போன் ஆடும். கமராவை நெற்றியில் ஒட்டி, இரண்டு முழங்கையையும் விலாவில் பதித்துப் பிடித்தால் ஆட்டம் குறையும். வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் தேறுவதும் தேறாததும் பல நேரம் இதில்தான் இருக்கிறது. சூமைப் பொறுத்தவரை, எங்கள் காசுக்குக் கிடைக்கும் போன்களில் சூம் என்பது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதுதான்.

இரவல் வாங்கிய இரண்டும் பழைய கமராக்கள். ஒன்று 2014இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3. மற்றது 2016இல் வந்த பானசோனிக் லூமிக்ஸ் டீஇசட்100. இரண்டும் 300 கிராம் அளவு பாரம். இரண்டிலும் வியூஃபைண்டர் உண்டு. சோனியில் மேலே கிளம்பி வரும், பிறகு விரலால் பின்னுக்கு இழுக்க வேணும். பானசோனிக்கில் மூலையில் எப்போதும் இருக்கும், ஆனால் சின்னது. கண்ணாடி போட்டவர்களுக்குக் கஷ்டம். இரண்டுக்கும் உள்ளே இருக்கும் சென்சர் ஒரே அளவு: 13.2 மிமீக்கு 8.8 மிமீ. சின்ன சூம் கமராக்களில் வழக்கமாக இருப்பதைவிட இது நாலு மடங்கு பரப்பு.

வித்தியாசம் லென்சில். சோனி 24 முதல் 70 மிமீ வரை, கிட்டத்தட்ட மூன்று மடங்கு சூம். பானசோனிக் 25 முதல் 250 வரை, பத்து மடங்கு. கேட்டவுடன் இரண்டாவதுதான் இலாபம் போலத் தெரியும். ஆனால் சூம் கூடினால் லென்சின் வாய் சுருங்கும். அகலக் கோணத்தில் சோனி எஃப்/1.8, பானசோனிக் எஃப்/2.8. அதாவது சோனிக்குள் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளிச்சம் போகிறது. சூமை முழுக்க இழுத்தால் சோனி எஃப்/2.8, பானசோனிக் எஃப்/5.9. அங்கே வித்தியாசம் நாலு மடங்குக்கும் மேல்.

இது கணக்கு. குகைக்குள் போனதும் கண்ணாலேயே பார்த்தோம். மாத்தளையிலிருந்து தம்புள்ளைப் பக்கம் ஏ9 வீதியில் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. பாறைகளுக்கு நடுவே குகைகள், உள்ளே சாய்ந்திருக்கும் புத்தர், நரகத் தண்டனைகளைக் காட்டும் சுவரோவியங்கள். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே மங்கல். பழைய ஓவியத்தின் மேல் ஃபிளாஷ் அடிப்பது சரியில்லை. சோனியில் எடுத்தவை தெளிவாக வந்தன. பானசோனிக்கில் அரிசி தூவினது போலப் புள்ளி. நாங்கள் நினைத்த பயண இடங்களில் பாதி இப்படித்தான்: குகை, கோயில் கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே உள்ள மண்டபம், லயத்து வீட்டுக்குள் அடுப்படி. அங்கெல்லாம் பத்து மடங்கு சூமால் வேலை இல்லை.

அங்கேயே தாளிப்பனை ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணியால் கீறும்போது ஒன்றும் தெரியாது. கறுப்பு மையைத் தேய்த்துத் துடைத்த பிறகுதான் எழுத்து மேலே வரும். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் காலத்தில், அதுவரை பிக்குகள் மனப்பாடமாகச் சொல்லி வந்த திரிபிடகத்தை இந்த இடத்தில்தான் ஓலையில் எழுதினார்கள். பஞ்சமும் சண்டையும் வந்த காலம். சொல்லத் தெரிந்தவர்கள் செத்துப்போனால் சொல்லும் போய்விடும் என்ற பயம். 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது விகாரையும் ஏடுகளும் அழிந்தன. மறுபடி எழுதினார்கள். பதிவு செய்வது என்றால் என்ன என்று கேட்டுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் எங்கள் பக்கத்தில் இல்லை.

ஆனால் எங்கள் முடிவை மாற்றியது விகாரை இல்லை. பின்னேரம் மாத்தளைக்குத் திரும்பி, எல்கடுவைப் பக்கம் ஏறும் பஸ்ஸைப் பிடித்து, வழியில் ஒரு தோட்டத்தில் இறங்கினோம். ரோட்டுக்கு மேலே மலையில் ஒரு அக்கா கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒருத்தன் பானசோனிக்கை 250 வரை இழுத்து, ரோட்டில் நின்றபடியே எடுத்தான். நல்ல படம். முகம் கூர்மை, பின்னால் பச்சை கலங்கி, கை கொழுந்தில். தேயிலைப் பெட்டியின் மேல் அப்படியே ஒட்டலாம்.

அக்கா கண்டுவிட்டார். "தம்பி, அங்கருந்து என்னா எடுக்குறீங்க? மேல ஏறி வந்து எடுத்தா காலு தேஞ்சிருமா?"

ஏறிப் போனோம். "சுத்திப் பாக்க வர்றவங்கதான் அப்படி எடுத்துட்டுப் போவாங்க. நம்ம புள்ளைங்களும் அப்படித்தானா?" என்றார். எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்களில் நாலு பேருடைய அம்மாமார் இன்றைக்கும் கொழுந்து எடுப்பவர்கள். வெட்கத்தில் அவர் முன்னாலேயே படத்தை அழித்தோம். அதற்குத்தான் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "அழிச்சது என்னத்துக்கு? எனக்கு ஒண்ணு குடுத்திருக்கலாமே. எங்கிட்ட என் படமே ஐடென்டி கார்டுல இருக்கிறதுதான்."

இதை நாங்கள் யோசித்ததே இல்லை. எங்கள் வீடுகளிலும் தாத்தா பாட்டி படம் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு பத்திரத்துக்காக எடுத்ததுதான். 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக எழுதினார்கள். அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று பிரிந்த குடும்பங்களில் மிஞ்சியது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். அதே காலத்தில் மலையகத்துப் பெண்களின் முகம் உலகம் முழுக்கப் போஸ்ட் கார்டிலும் விளம்பரத்திலும் போனது. படம் எக்கச்சக்கம். படத்தில் இருந்தவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

இது சூம் வந்த பிறகு தொடங்கினதும் இல்லை. ஜூலியா மார்கரெட் கமரோன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1875இல் இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் அவர் எடுத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது: டெனிசன், டார்வின், ஹெர்ஷல். இங்கே எடுத்த ஒரு படத்தின் பெயர் "களுத்துறைக் குடியானவர்கள்". அவர் பாவித்தது கண்ணாடித் தகட்டுப் பெட்டிக் கமரா. முன்னால் இருப்பவர் பல விநாடி அசையாமல் இருந்தாக வேணும். அவ்வளவு நேரம் எதிரெதிரே இருந்தும் பெயர் பதிவாகவில்லை. 1879இல் இறந்த அவரைப் பொகவந்தலாவையில் புதைத்தார்கள். அவர் பெயர் கல்லறையில் இருக்கிறது.

ஆகவே கிட்டப் போனால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. கிட்டப் போகாமல் இருக்க வசதி செய்து தரும் கமரா எங்களுக்கு வேண்டாம் என்கிறோம். 70 மிமீயில் ஒருவர் முகத்தை எடுக்க வேணுமென்றால் பேசும் தூரத்துக்குப் போயே ஆக வேணும். கமராவைக் கண்ணுக்குத் தூக்கும்போது அவருக்கும் தெரியும், இப்போது எடுக்கிறார்கள் என்று. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நேரம் இருக்கும்.

எங்களுக்குள்ளேயே மறுப்பு வந்தது. கிட்டப் போனால் ஆட்கள் விறைத்துப்போவார்கள், இயல்பான படம் கிடைக்காது என்றாள் ஒருத்தி. உண்மைதான், முதல் பத்து நிமிஷத்துக்கு. ஒரு தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு யாரும் விறைப்பாக இருப்பதில்லை. மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர் இழுக்கும்போது கலசத்தை எப்படி எடுப்பாய் என்றான் இன்னொருத்தன். நியாயமான கேள்வி. கலசம் கிடைக்காது. வடம் பிடிக்கிற கைகள் கிடைக்கும். பறவை எடுப்பவர்களும், கிட்டப் போனால் அடி விழும் இடத்தில் நின்று அதிகாரத்தின் அட்டூழியத்தைப் பதிவு செய்பவர்களும் நீள சூம்தான் வாங்க வேணும். அவர்களோடு எங்களுக்கு வாதமே இல்லை.

எங்கள் வேலை வேறு. 2023 ஜூலை கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்த நடைபயணம் ஞாபகம் இருக்கும். 200 வருஷத்துக்கு முன் கோப்பித் தோட்டத்துக்கு எங்கள் ஆட்கள் நடந்த வடக்குப் பாதையை நினைத்து நடந்தது. வழியில் செத்தவர்களுக்குப் பெயரும் இல்லை, படமும் இல்லை. இப்போது இருப்பவர்களையாவது பெயரோடு எடுத்து வைக்கத்தான் இந்தக் கமரா.

காசு விஷயம். இந்த வரிசையில் 2019இல் வந்த ஆர்எக்ஸ்100 மார்க் 7 எல்லாம் உள்ளது: 24 முதல் 200 வரை சூம், ஒரு தட்டில் எழும்பும் வியூஃபைண்டர். வெளிவந்தபோது விலை 1,200 டொலர். டொலர் 300 ரூபாய் என்று போட்டால் 3 இலட்சத்து 60 ஆயிரம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 267 நாள் உழைப்பு. அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு லயத்துக்குள் போக எங்களுக்கு மனசு வரவில்லை. புதிதாக வரும் மலிவானவற்றிலோ வியூஃபைண்டரையே எடுத்துவிடுகிறார்கள். டீஇசட்95இல் இருந்தது, 2025இல் வந்த டீஇசட்99இல் இல்லை.

அதனால் பாவித்த மார்க் 3 ஒன்று தேடுகிறோம். நீங்களும் தேடினால் மூன்று விஷயம் பாருங்கள். எஃப்/11 வைத்து வெறும் வானத்தை எடுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி, அதை வீட்டில் துடைக்க முடியாது. லென்ஸ் வெளியே வரும்போது அரைக்கிற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். வியூஃபைண்டரை நாலைந்து தரம் ஏற்றி இறக்குங்கள். பட்டரி முழுசாக இருந்தாலே 320 படம்தான், மேலதிகமாக ஒன்று வாங்க வேணும்.

அதோடு எங்கள் கணக்கில் இன்னொரு செலவையும் சேர்த்துவிட்டோம்: பிரிண்ட் போடும் காசு. யாரை எடுத்தாலும் பெயரைக் கேட்டு எழுதுவது, ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பது. கமராவுக்கு ஒதுக்கியதில் ஒரு பங்கு அதற்குப் போகிறது.

அக்கா எங்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். "வேலை இல்லாதப்ப வாங்க. நல்ல சீலை கட்டிக்கிறேன். மகளும் வீட்டுல இருப்பா, ரெண்டு பேரையும் சேத்து எடுங்க." கமரா இன்னும் கிடைக்கவில்லை. இந்த ஞாயிறு இரவல் சோனியோடு போகிறோம்.