ஜெயிச்சா 'நாம'... தோத்தா 'அவனுங்க'!



"மேட்ச் பாத்து உனக்கு என்னடா கிடைக்கப்போகுது? அவன் அடிச்சா அவனுக்குக் காசு. அரியர் விழுந்தா உனக்குத்தானே கஷ்டம்?"

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மா தமிழ்நாட்டில் இல்லை. கேட்காத வாத்தியாரும் இல்லை. கேள்வி நியாயமானதுதான். சிரித்து மழுப்பாமல், ஒரு ரசிகன் என்ற முறையில் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பார்க்கலாமே என்றுதான் இந்தக் கட்டுரை. அரசியல் எழுதக்கூடாது என்று மலர்க்குழு சொன்னதால் கிரிக்கெட்டுக்கு வந்துவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள்!

முதலில் வரவு செலவுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2013 ஜூனில் இங்கிலாந்தை 5 ரன்னில் தோற்கடித்து சாம்பியன்ஸ் டிராபி வாங்கினோம். அடுத்த உலக அளவிலான கோப்பை நம் ஆண்கள் அணிக்கு வந்தது 2024 ஜூனில். நடுவில் பதினோரு வருஷம்! அதற்குள் தோற்ற இறுதிப் போட்டிகள் மட்டும் ஐந்து. 2014 டி20 உலகக் கோப்பை, 2017 சாம்பியன்ஸ் டிராபி, 2021-லும் 2023-லும் டெஸ்ட் சாம்பியன்ஷிப், அப்புறம் 2023 உலகக் கோப்பை. அரையிறுதியோடு மூட்டை கட்டியது நான்கு முறை: 2015, 2016, 2019, 2022. ஆறாம் வகுப்பில் கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தவன் டிப்ளமோ முடிக்கிற வரைக்கும் தோல்வியை மட்டுமே பார்த்திருப்பான்.

அதிலும் 2023 நவம்பர் 19 இருக்கிறதே... தொடர்ந்து பத்து மேட்ச் ஜெயித்துவிட்டு, பதினோராவதாக அகமதாபாத்தில் 240-க்குச் சுருண்டோம். டிராவிஸ் ஹெட் 137 அடித்துவிட்டுப் போனார். ராத்திரி வெடிக்க வாங்கி வெச்ச சரவெடி, தீபாவளி மிச்சத்தோட சேர்ந்து பரணுக்குப் போச்சு. 2019 அரையிறுதியில் 49-வது ஓவரில் கப்டிலின் த்ரோவில் தோனி ரன் அவுட் ஆனது அதைவிட மோசம். சில அங்குலம்தான் வித்தியாசம். அந்தச் சில அங்குலத்தை இன்னமும் மனசுக்குள் அளந்துகொண்டிருக்கிறவர்கள் நம் ஹாஸ்டலில் எத்தனை பேர்!

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் யூ.டி.எம். மெஷினில் கம்பியை மாட்டி இழுக்கிறோம். ஒரு அளவு வரைக்கும் இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அதைத் தாண்டினால் திரும்பாது. மேலும் இழுத்தால் 'டப்'பென்று அறுந்துவிடும். ரசிகன் மட்டும் எவ்வளவு இழுத்தாலும் அறுவதில்லை. அடுத்த தொடரின் அட்டவணை வந்த மறுநாளே பழைய நீளத்துக்கு வந்துவிடுகிறான். இந்த உலோகத்துக்கு எந்த டேட்டா புக்கிலும் பெயர் கிடையாது!

இனி வரவுப் பக்கம். 2020 டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் இந்தியா 36 ரன். பதினோரு பேர் சேர்ந்து 36! "இனிமே டெஸ்ட் பாத்தா என்னைச் செருப்பால அடி" என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. சரியாக ஒரு மாதம். 2021 ஜனவரி 19. பிரிஸ்பேன் கப்பா மைதானம். ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு அங்கே ஒரு டெஸ்ட் கூடத் தோற்றதில்லை. நம்ம பக்கம் பாதிப் பேருக்குக் காயம். வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காகக் கூட்டிப்போன சின்னப்பம்பட்டி நடராஜனும், சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தரும் அந்த மேட்சில்தான் முதல் டெஸ்ட் ஆடினார்கள். 328 ரன்னை விரட்டிப்பிடித்து 3 விக்கெட்டில் ஜெயித்தோம்!

அந்தச் சந்தோஷத்தை முழுசா அனுபவித்தது யார்? ஜெயித்த பிறகு டிவி போட்டவனா? இல்லை. 36-ஐயும் கண்கொட்டாமல் பார்த்துத் தொலைத்தவன்தான். பசியோடு இருந்தவனுக்குத்தான் சோற்றின் ருசி தெரியும். அம்மாவின் கேள்விக்கு என்னுடைய முதல் பதில் இது. என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியாத ஒன்றுக்காகக் காத்திருக்கப் பழகுகிறோம். "நீ எந்திரிச்சா விக்கெட் விழும், உக்காருடா" என்று பக்கத்து வீட்டு மாமா அதட்ட, காலில் ரத்த ஓட்டம் நின்றாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அந்தச் சுகத்துக்கு விலை ஏது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தமிழில் ஒரு வசதி உண்டு. 'நாங்க' என்றால் கேட்பவர் அதில் சேர்த்தி இல்லை. 'நாம' என்றால் பேசுபவரும் கேட்பவரும் சேர்த்தி. மேட்ச் ஜெயித்த மறுநாள் டீக்கடைக்குப் போய்ப் பாருங்கள். "நேத்து நாம பின்னிட்டோம்ல!" முன்பின் தெரியாதவர்கூட அந்த 'நாம'வுக்குள் வந்துவிடுவார். அதே கடைக்குத் தோற்ற மறுநாள் போய்ப் பாருங்கள். "அவனுங்க ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா? சொதப்பிட்டானுங்க!" ராத்திரியோடு ராத்திரியாக 'நாம' எப்படி 'அவனுங்க' ஆனது? அடித்த சிக்ஸரில் பங்கு கேட்கிற நமக்கு, விட்ட கேட்ச்சில் பங்கு வேண்டாமா?

இது வெறும் பேச்சு வழக்கு என்று விட்டுவிட முடியாது. 'அவனுங்க' என்று பிரித்த பிறகுதான் கை நீளுகிறது. 1996 மார்ச் 13, ஈடன் கார்டன்ஸ். இலங்கையோடு உலகக் கோப்பை அரையிறுதி. ஒரு விக்கெட்டுக்கு 98 என்று இருந்த இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 ஆனது. பாட்டில்கள் பறந்தன, கேலரியில் தீ. மேட்ச்சை நிறுத்தி இலங்கைக்கே கொடுத்தார்கள். காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே வந்தார். 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்றதும் ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டைச் சேதப்படுத்தினார்கள். 2021 அக்டோபரில் பாகிஸ்தானிடம் தோற்றபோது, பதினோரு பேர் ஆடிய ஆட்டத்துக்கு முகமது ஷமி ஒருவரை மட்டும் இணையத்தில் மதத்தைச் சொல்லித் திட்டினார்கள். இதைச் செய்தவர்களும் தங்களை ரசிகர்கள் என்றுதானே சொல்லிக்கொள்கிறார்கள்? அதுதான் வெட்கம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1999 ஜனவரி 31, நம்ம சேப்பாக்கம். பாகிஸ்தானோடு டெஸ்ட். 271 ரன் தேவை. முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து அவுட் ஆனபோது வேண்டியது வெறும் 17 ரன், கையில் மூன்று விக்கெட். நான்கு ரன்னுக்குள் மூன்றும் போய்விட்டது. 12 ரன்னில் தோல்வி! அரங்கம் ஒரு நிமிஷம் உறைந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்கள். 2023 அக்டோபரில் அதே சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை ஜெயித்துச் சுற்றி வந்தபோதும் நம் ஜனம் கைதட்டியது. தோல்வியில் அழுகை வராமல் இருக்காது. 1999-ல் கைதட்டியவர்களுக்கும் வந்திருக்கும். ஆனாலும் தட்டினார்கள். ரசிகன் என்ற பட்டத்துக்குத் தகுதித் தேர்வு வைத்தால், அதுதான் வினாத்தாள்.

"கோடி கோடியா வாங்குறாங்கப்பா, திட்டவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகத் திட்டலாம், விலாசம் சரியாக இருந்தால்! கேட்ச் விட்டவன் தவறினான். காசு வாங்கிக்கொண்டு தோற்றவன் ஏமாற்றினான். இரண்டும் ஒன்றல்ல. 2000-ல் சூதாட்ட விவகாரம் வெடித்தபோது ரசிகனுக்கு வந்த கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் ஐ.பி.எல். வெற்றிக் கொண்டாட்டத்துக்குப் போன 11 பேர் நெரிசலில் செத்துப்போனார்கள். நம்மைப் போலக் கோப்பையைப் பார்க்க ஆசைப்பட்டதைத் தவிர அவர்கள் செய்த குற்றம் என்ன? ரசிகன் கோபப்பட வேண்டியது இங்கேதான். கூட்டம் வரும் என்று தெரிந்தும் வழியைச் சரியாக வைக்காதவர்களைக் கேள்வி கேட்காமல், நோ-பால் போட்டவனின் குடும்பத்தை இழுத்துத் திட்டுவதில் என்ன வீரம் இருக்கிறது?

தோழிகள் சார்பாகவும் ஒரு வார்த்தை. 2017-ல் லார்ட்ஸில் நம் பெண்கள் அணி 9 ரன்னில் உலகக் கோப்பையைத் தவறவிட்டது. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று கோப்பையைத் தூக்கியது. அன்று ராத்திரி எல்லோரும் 'நாம'தான்! நடுவில் எட்டு வருஷம் அந்தப் பதினோரு பேரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு இரண்டாவது பதிலோடு முடிக்கிறேன். நம்மில் பலருக்கு முதல் கேம்பஸ் இன்டர்வியூவிலேயே வேலை கிடைத்துவிடாது. லேட்டரல் என்ட்ரியில் கேட்ட காலேஜ் கிடைக்காமல் போகலாம். அன்று நம் பக்கத்தில் நிற்கிறவன் "நீ சொதப்பிட்டே" என்பானா, "அடுத்தது பாத்துக்கலாம் மச்சி, நாம இருக்கோம்ல" என்பானா? தோற்றவனோடு நிற்பதற்கு ஆயுள் முழுக்கப் பயிற்சி கொடுக்கிற ஒரே பாடம் ரசிகனாக இருப்பதுதான். அதற்கு சிலபஸும் கிடையாது, அரியரும் கிடையாது.

எங்கேயோ லார்ட்ஸும் கப்பாவும் வேண்டாம். மண்டல அளவிலான போட்டிக்குப் போய்த் தோற்றுவிட்டு, நம் வாலிபால் டீம் பையை மாட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிறதே, அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் யார் நிற்கிறோம்? அடுத்த முறை பத்துப் பேராவது போய் நிற்போம். ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்து, "நாம தோத்துட்டோம்... பரவாயில்ல, வாங்கடா" என்று சொல்லிப் பார்ப்போம்.

என்ன, வர்றீங்களா?