நிபுணர் அறிவு நாரணாபுரத்துக்கு வரட்டும்!

நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஒரு சகோதரிக்கு வயது நாற்பது என்று வைத்துக்கொள்வோம். மாதவிலக்கு நாள் அல்லாத நாளிலும் ரத்தம் படுகிறது. வெளியே சொல்ல வெட்கம். மதுரைக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. பஸ் சார்ஜ் வேறு. தீபாவளி வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார். கடைசியில் பெரியாஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும்போது நோய் முற்றிவிடுகிறது. "ஏனம்மா இத்தனை நாள் கழித்து வந்தாய்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்பது நியாயமா? சர்க்காரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

புற்றுநோய் வைத்தியம் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரி துவங்கிற்று. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளையே கொடுத்து அதை வளர்த்தார்கள். ஆனால் அடையாறு நமக்கு 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எல்லா நிபுணர்களையும் நாரணாபுரத்தில் குடியேற்ற முடியாது என்பதை நாமும் அறிவோம். அவர்களுடைய அறிவு இங்கே வர முடியாதா?

முடியும். தூரத்து உதாரணம் தேவையில்லை. பக்கத்துத் திண்டுக்கல் ஜில்லாவே சாட்சி. அங்கே அம்பிலிக்கை கிராம ஆஸ்பத்திரியும், அடையாறு ஸ்தாபனமும், பிரான்சிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 2000ம் ஆண்டில் ஒரு காரியத்தைத் துவக்கின. கிராமத்து நர்சுகளுக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடியிலுள்ள அதே புளிப்பை, தடவிப் பார்ப்பது. ஒரு நிமிஷத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் சந்தேகம். புற்றுநோயாக மாறுமுன் அந்த இடத்தைக் குளிரால் உறைய வைத்து அழித்துவிடலாம். அந்தச் சிகிச்சையையும் நர்சுகளே செய்தார்கள். மேற்பார்வைக்கு டாக்டர்கள் இருந்தார்கள். 31,000க்கு மேற்பட்ட பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 2007ல் முடிவு வெளியாயிற்று: பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு, நடக்காத ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு.

படிப்பறிவற்ற ஜனங்கள் வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம். கிட்டத்தில் வைத்தால் வருவார்கள் என்பதைக் கிராமத்துப் பெண்கள் காட்டிவிட்டார்கள்.

மூன்று வாரப் பயிற்சியோடு கைகழுவினால் போதாது. சந்தேகம் வரும்போது கேட்க ஆள் வேண்டும். அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ ராஜ்யத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003ல் இதற்கு ஒரு வழி கண்டார். கல்லீரல் அழற்சி நோயாளிகளை நகரத்துக்கு வரவழைக்காமல், கிராம டாக்டர்களுடன் ஒளித்திரை வழியாக வாராவாரம் கலந்து பேசி, நோயாளி நோயாளியாக யோசனை சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் கிடைத்த குணம் சின்ன ஊரிலும் கிடைத்தது என்று 2011ல் நிரூபணமாயிற்று. இங்கேயும் 2012 முதல் தேசியப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக் கூட்டமைப்பு இயங்கிவருகிறது.

ஆகவே கருவிக்கோ அறிவுக்கோ பஞ்சமில்லை. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. வாராவாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் அங்கிருந்து அடையாறு, மதுரை நிபுணர்களுடன் சிவகாசி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலைய நர்சுகளும் டாக்டர்களும் பேசட்டும். புகையிலை போடும் மில் தொழிலாளியின் வாயை டார்ச் அடித்துப் பார்க்கவும் அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் ஒன்று: திரையில் பாடம் நடத்திவிட்டு டாக்டர் வேலையைக் காலியாகப் போட்டு வைப்பதை நாம் ஏற்க மாட்டோம். பயிற்சி பெற்ற நர்சை ஆறு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றினாலும் எல்லாம் வீண்.

கூலி விஷயமும் உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் உரிய காலம் சந்தா கட்டிய தொழிலாளிக்குப் புற்றுநோய் கண்டால், கூலியில் 80 சதவீதம் இரண்டாண்டு வரை பெற உரிமையுண்டு. உள்குத்தகைப் பட்டறையில் பெயர்ப் பதிவே இல்லாமல் மருந்து செலுத்துகிறவருக்கு அது கிடையாது. விவசாயக் கூலிக்கோ ஈ.எஸ்.ஐ.யே கிடையாது. பரிசோதனை நாளுக்குக் கூலியோடு விடுமுறை, மேல் சிகிச்சைக்குப் போக பஸ் சார்ஜ், பட்டறைதோறும் பெயர்ப் பதிவு: இவற்றைப் பட்டாசுத் தொழிலாளர் சங்கமும், ராஜபாளையம் மில் தொழிலாளர்களும், விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து ஜில்லா கலெக்டரிடம் கேட்க வேண்டும். தீபாவளிச் சரக்குக்கு அவசரம் தொடங்குமுன் கேட்க வேண்டும்.