பீரங்கி வியாபாரமும் பத்திரிகைப் புராணமும்

சர்க்கார் ஒரு சாமானை வாங்குகிறதென்றால் அது யாருடைய பணத்தில் வாங்கப்படுகிறது என்பதை நம் பத்திரிகைகள் முதல் வரியில் எழுதுவது அபூர்வம். விற்கிறவன் எந்தத் தேசத்தான் என்பதுதான் அவைகளுக்குப் பெரிய விஷயம். விற்கிறவன் வெளிநாட்டுக் கண்டிராக்டராயிருந்தால், ஒன்று அவன் தேவனாகிறான். அல்லது நாட்டைக் கொள்ளையிட வந்த ராக்ஷசனாகிறான். இந்த இரண்டு கூச்சலுக்கும் நடுவில், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, விலை எப்படி நிச்சயமாயிற்று, நடுவில் நின்ற தரகன் யார் என்கின்ற மூன்று சாதாரணக் கேள்விகளும் காணாமற் போய்விடுகின்றன. இது நாம் வீணாகச் சுமத்தும் பழியல்ல என்பதற்குப் போபர்ஸ் பீரங்கி விவகாரம் ஒன்றே போதுமான சாட்சியாகும்.

1986-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி இந்திய சர்க்கார் ஸ்வீடன் தேசத்துப் போபர்ஸ் கம்பெனியோடு 1437 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. வாங்கியவை 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் சுமார் 400. இந்த வியாபாரத்தில் தரகரே கூடாது என்பது அப்போது பிரதம மந்திரியாயிருந்த ராஜீவ் காந்தியின் சர்க்கார் சொன்ன நிபந்தனை. ஓராண்டு கழித்து, 1987 ஏப்ரல் 16-ந் தேதி, இந்த வியாபாரத்தில் லஞ்சம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற சேதி வெளிவந்தது. எங்கிருந்து வந்தது? டில்லியிலிருந்தா? பம்பாயிலிருந்தா? இல்லை, ஸ்வீடன் ரேடியோவிலிருந்து வந்தது. விற்றவன் வீட்டிலிருந்து சேதி வரும் வரையில் வாங்கியவன் வீட்டுக் காவற்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கின்றோம்.

அவ்வருஷமே ஸ்வீடன் தேசத்துக் கணக்குத் தணிக்கை இலாகாவும் பணம் கொடுக்கப்பட்டது உண்மை என்று சொல்லிற்று. இங்கே சங்கரானந்த் தலைமையில் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று ஏற்பட்டு, லஞ்சத்திற்கு ஆதாரமில்லை என்று 1988-ல் அறிக்கை எழுதிவிட்டது. கள்ளன் வந்த சுவடு அண்டை வீட்டானுக்குத் தெரிகிறது. வீட்டுக்காரனுக்கு மாத்திரம் தெரியவில்லை!

நிற்க, கொடுக்க வேண்டிய புகழைக் கொடுக்காமலிருப்பது யோக்கியமாகாது. சென்னையிலிருந்து வெளிவரும் 'இந்து' பத்திரிகைக்கும் நமக்கும் எத்தனையோ அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் சித்ரா சுப்பிரமணியம் என்ற பெண்மணி ஐரோப்பாவில் இருந்து தேடி அனுப்பிய தஸ்தாவேஜுகளை 1988-ல் அச்சிட்டு வெளியிட்டது அப்பத்திரிகையேயாகும். அந்த வருஷத்திலேயே சர்க்கார் அவதூறு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. பத்திரிகைக்காரர்கள் தெருவிலிறங்கி எதிர்த்ததும் அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. எழுதினால் சர்க்கார் நடுங்கும் என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்? ஆனால் நடந்தது என்ன? 1989 அக்டோபரில் அந்த 'இந்து' பத்திரிகையே வெளியீட்டை நடுவில் நிறுத்திற்று. ஆசிரியர் குழுவில் இருந்த என். ராம் பகிரங்கமாக ஆட்சேபித்தார். சித்ரா வெளியேறி வேறு பத்திரிகைகளில் எழுத வேண்டியதாயிற்று. ஆகவே ஒரு பத்திரிகையின் தைரியம் அதன் முதலாளியின் சம்மதம் உள்ள வரையில்தான் என்பதைப் பாமர மக்கள் அறிந்துகொள்வது நல்லது.

இனி வெள்ளைக்காரன் பத்திரிகையில் வந்தால் வேதம் என்று நம்பும் மூடநம்பிக்கையைப் பார்ப்போம். ஸ்வீடன் போலீசில் இவ்வழக்கை விசாரித்தவரும், சித்ராவுக்குத் தஸ்தாவேஜுகளைக் கொடுத்தவருமான ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம், 2012-ல் தாமே வெளிவந்து பேசினார். நடிகர் அமிதாப் பச்சன் குடும்பத்தின் பெயரை ஸ்வீடன் பத்திரிகை ஒன்றில் நுழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து போன விசாரணைக்காரர்களே என்று சொன்னார். இங்கே தயாரான பொய் கப்பலேறிப் போய், அந்நிய முத்திரை குத்திக்கொண்டு, மெய்யாகத் திரும்பி வந்தது! ராஜீவ் காந்தி பணம் வாங்கியதற்கு ஆதாரமில்லை என்றும், ஆனால் மூடிமறைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் அவரே சொன்னார். கட்சிக்காரர்கள் அவரவருக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு மற்றப் பாதியை விழுங்கிவிட்டார்கள்.

1999-ல் கார்கில் சண்டை வந்தது. அதில் இந்தப் பீரங்கிகள் நன்றாய் வேலை செய்தன. உடனே, "பார்த்தீர்களா, போபர்ஸ் நல்ல பீரங்கி, இதற்கா இத்தனை கூச்சல்?" என்று பேசக் கிளம்பினார்கள். இப்படிப் பேசுகிறவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். உங்கள் வீட்டுக் கலியாணத்திற்குப் பாத்திரம் வாங்கப்போனவன் கமிஷன் அடித்துவிட்டு, "பாத்திரம் கெட்டியாகத்தானே இருக்கிறது" என்றால் ஒப்புக்கொள்வீர்களா? பாத்திரம் கெட்டியா என்பது ஒரு கேள்வி. பணம் எங்கே போயிற்று என்பது வேறு கேள்வி. ஒன்றுக்குப் பதில் சொல்லி மற்றொன்றை மறைப்பது தரகன் தந்திரமேயொழிய நியாயமாகாது.

முடிவு என்னவாயிற்று? 2004-லும் 2005-லும் டில்லி ஹைக்கோர்ட்டு குற்றச்சாட்டுகளைத் தள்ளிவிட்டது. கைமாறியதாகச் சொல்லப்பட்ட கமிஷன் சுமார் 64 கோடி ரூபாய். அதைத் தேடச் சர்க்கார் செலவழித்தது சுமார் 250 கோடி ரூபாய் என்று 2005-ல் நீதிபதியே கண்டித்தார். 2010 டிசம்பரிலோ வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், வின் சத்தா, குவாத்ரோச்சி என்ற தரகர்களுக்குச் சுமார் 41 கோடி ரூபாய் கமிஷன் போயிருக்கிறது, அதற்கு வரி உண்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2018-ல் சி.பி.ஐ.யின் அப்பீலைக் காலதாமதம் என்று சுப்ரீம் கோர்ட்டு தள்ளிற்று. கமிஷன் போனது நிஜம். ஜெயிலுக்குப் போனவர் ஒருவருமில்லை. பணம் கொடுத்த ஏழைப் பிரஜைக்குக் கிடைத்ததெல்லாம் முப்பது வருஷத்துப் பத்திரிகைக் கதைதான்.

ஏன் இப்படியாயிற்று? யார் வாங்கினான் என்று பெயர் தேடுவதில் இருந்த ருசி, எப்படி வாங்க முடிந்தது என்று தேடுவதில் இல்லை. பெயரில் கதை இருக்கிறது, கட்சி இருக்கிறது, பத்திரிகை விற்பனையும் இருக்கிறது. ஒப்பந்தத்தின் ஷரத்தில் இவையொன்றும் இல்லை. ஜனங்களின் பணம் மாத்திரமே இருக்கிறது.

அந்நியன் என்பதற்காக ஒருவனை வெறுக்கச் சொல்பவர்களல்ல நாம். சுதேசிக் கண்டிராக்டர் அடிக்கிற கமிஷன் தேசபக்தியாகிவிடாது. மறைத்த அந்நியக் கம்பெனியும் உண்டு. வெளியிட்ட அந்நிய ரேடியோவும் உண்டு. ஆகையால் வாசகர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். நாளைக்கு உங்கள் பத்திரிகையில் ஏதாவதொரு வெளிநாட்டுக் கம்பெனியோடு இத்தனை கோடிக்கு ஒப்பந்தம் என்று கொட்டை எழுத்தில் வந்தால், கொடியையும் பார்க்காதீர்கள், கைகுலுக்கும் படத்தையும் பார்க்காதீர்கள். வேறு யார் யார் என்ன விலை கேட்டார்கள், நடுவில் நின்றவன் யார், ஷரத்துகளைப் பிரசுரிக்க ஏன் பயம் என்று அந்தப் பத்திரிகைக்கே எழுதிக் கேளுங்கள். கையெழுத்தாகும் முன் கேட்கப்படாத கேள்விக்கு, கையெழுத்தான பின் முப்பது வருஷம் கேட்டாலும் பதில் கிடைக்காது என்பதைப் போபர்ஸ் காட்டிவிட்டது.